பூசுகிற கையும் தேய்க்கிற கையும்

ட்ரைவோல் என்கிற ஜிப்சம் பலகைச் சுவரின் தூசைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தேய்க்கிற நேரத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். எந்த சாண்ட்பேப்பர், எந்த வக்கியூம், எந்த முகமூடி என்று கேட்பார்கள். எனக்கு அந்த வேலையைப் பழக்கிய பெரியவர் அப்படித் தொடங்கவில்லை. முதல் நாளே அவர் சொன்னது இது: “தம்பி, தேய்க்கிறவன்ரை கையிலை ஒண்டுமில்லை. பூசுறவன்ரை கையிலைதான் எல்லாம் கிடக்கு. அவன் அள்ளி அப்பினால் நீ நாள் முழுக்கத் தேய்க்கவேணும். தேய்ச்சதெல்லாம் உன்ரை நெஞ்சுக்குள்ளைதான் போகும்.”

1990களின் நடுப்பகுதி அது. ரொறொன்ரோவைச் சுற்றி மார்க்கம், பிரம்ப்டன் பக்கமெல்லாம் வயல்களை வெட்டி வரிசை வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் சரியாக வராத, அகதி வழக்கு முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை கிடைக்கும், தொழிற்சாலையில் இரவு வேலை கிடைக்கும், இல்லாவிட்டால் இப்படிக் கட்டுமான வேலை கிடைக்கும். எங்களுடைய கொந்தராத்துக்காரர் இத்தாலியர். அவருக்குக் கீழே போர்ட் அடிக்கிறவர்கள் ஒரு குழு, டேப் ஒட்டி மட் பூசுகிறவர்கள் இன்னொரு குழு, கடைசியாக வருகிறவர்கள் தேய்ப்புக்காரர்கள். புதிதாக வந்தவனுக்குத் தேய்ப்புத்தான். அதைவிடக் கீழே ஒரு வேலை அந்த இடத்தில் இல்லை.

மட் என்று நாங்கள் சொன்னது இரண்டு போர்டுகளுக்கு இடையிலுள்ள பொருத்தையும் ஆணித் தலைகளையும் மறைக்கிற களியை. சுண்ணாம்புக்கல் தூள், டால்க், மைக்கா, களிமண், கொஞ்சம் பசை எல்லாம் கலந்து வாளியில் வரும். சிலவற்றில் சிலிக்காவும் இருக்கும். ஈரமாக இருக்கும்போது அது மிகச் சாதுவான பொருள். கையில் பட்டால் கழுவிவிடலாம். காய்ந்த பிறகு சாண்ட்பேப்பர் பட்டதும் அதன் குணம் மாறிவிடும். அரித்தெடுத்த கோதுமை மாவைப் போல நுணுக்கமாக எழும்பி, அறையின் வெளிச்சத்தையே மங்க வைத்துவிடும். பெரிய துகள்கள் கொஞ்ச நேரத்தில் நிலத்துக்கு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாதவை மணிக்கணக்காக அந்தரத்தில் நிற்கும். வேலை முடிந்தது என்று முகமூடியைக் கழற்றுகிற நேரத்தில்தான் நாங்கள் அவற்றை நன்றாக மூச்சில் இழுத்தோம்.

தேய்க்கிற கருவி நீட்டுத் தடி ஒன்று. அதன் நுனியில் திரும்பித் திரும்பி அசையும் ஒரு தட்டு இருக்கும். அதில் சாண்ட்பேப்பரைப் பூட்டி, கூரையையும் சுவரின் மேற்பகுதியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே தேய்க்கவேண்டும். தேய்க்கிறதெல்லாம் முகத்தில் வந்து கொட்டும். பனிக்காலத்தில் மட் காய்வதற்காகப் புரொப்பேன் ஹீட்டரை எரியவிட்டு, யன்னலெல்லாம் பூட்டியிருப்பார்கள். கொம்பனி தந்த முகமூடி ஒற்றை ரப்பர் நாடா போட்ட வெறும் காகித மூடி. மூக்கின் இரண்டு பக்கமும் விரல் போகிற அளவு இடைவெளி நிற்கும். பின்னேரம் துப்பினால் எச்சில் வெள்ளையாகப் போகும். பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாகவே வரும். கண் இமையிலும் காது மடலிலும் படிந்ததை வீட்டில் வெந்நீர் விட்டுத்தான் எடுக்கவேண்டும்.

அந்த வருடங்களில் நாங்கள் எவ்வளவு தூசை உள்ளே எடுத்தோம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நையோஷ் என்கிற அமெரிக்க அரசின் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1999இல் ட்ரைவோல் தேய்ப்பைப் பற்றி ஒரு சிறிய வெளியீடு போட்டது. அமெரிக்காவில் வேலையிடத்துக் காற்றில் மொத்தத் தூசு ஒரு கனமீற்றருக்கு 15 மில்லிகிராமுக்கு மேலே போகக்கூடாது என்பது சட்டம். தேய்ப்புக்காரர்கள் அந்த எல்லையின் 10 மடங்கு வரை தூசுக்குள் நின்றதை அவர்கள் அளந்து எழுதியிருந்தார்கள். நெஞ்சின் அடி வரை போகக்கூடிய நுண்தூசுக்கு 5 மில்லிகிராம் என்று தனியாக ஓர் எல்லை உண்டு, அதுவும் மீறப்பட்டிருந்தது. அதே வெளியீட்டில் இன்னொன்றும் இருந்தது. தேய்க்கிற தட்டோடு வக்கியூம் குழாயைப் பூட்டினால் தூசு 80 முதல் 97 வீதம் வரை குறைகிறதாம். கடையில் வாங்கக்கூடிய கருவிகளை வைத்தே அதைச் சோதித்திருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது, இன்றைக்கும் அது குறையவில்லை. தடியின் நுனியில் ஒரு குழாயைப் பூட்டுகிறது பெரிய விஞ்ஞானம் இல்லை. எங்களுக்கு அதை ஒருவரும் பூட்டித் தரவில்லை.

பெரியவருக்கு எப்போதும் இருமல் இருந்தது. பளையிலிருந்து வந்தவர். ஊரில் மேசன். அவர் பூசிய பொருத்தைத் தேய்க்கக் கிடைத்தால் அன்றைக்கு எங்களுக்கு அதிர்ஷ்டம். முதலில் 6 அங்குலக் கத்தியால் மெல்லிய மட் படுக்கை போட்டு, காகித டேப்பை அதில் அழுத்தி, மிச்ச மட்டை முழுக்க வழித்தெடுப்பார். அது காய்ந்த பிறகு 10 அங்குலக் கத்தி, கடைசிக்கு 12. ஒவ்வொரு முறையும் அகலம் கூடும், கனம் கூடாது. கத்தியின் வெளி ஓரத்தில் பெருவிரலுக்கு நேரே பாரத்தைக் கொடுத்து இழுப்பார். உள் ஓரம் மட்டைத் தொட்டும் தொடாமலும் போகும். அப்படி இழுத்தால் வெளி விளிம்பு போர்டின் கடதாசியோடு சேர்ந்து மறைந்துவிடும், அங்கே தேய்க்க ஒன்றும் இராது. இரண்டு பூச்சுக்கு நடுவில் அவர் சாண்ட்பேப்பரைத் தொட்டதே இல்லை. திரண்டு நிற்கிற இடங்களைக் கத்தியின் கூர் ஓரத்தால் ஒரு தடவை சீவிவிடுவார். சீவினது துண்டாகக் கீழே விழும், தூசாக எழும்பாது. இது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. காய்ந்த மட்டைக் கத்தியால் எடுத்தால் குப்பை. சாண்ட்பேப்பரால் எடுத்தால் தூசு. எடுக்கிற பொருள் ஒன்றுதான்.

அவர் இப்போது இல்லை. அவருடைய இருமலுக்கு இதுதான் காரணம் என்று ஒரு டொக்டரும் எழுதித் தரவில்லை. நல்ல முகமூடி ஒன்றை அவருக்கு ஒருவரும் வாங்கிக் கொடுக்கவில்லை என்பதற்கு மட்டும் நான் சாட்சி.

பிறகு நான் அந்த வேலையை விட்டேன். கல்யாணம், பிள்ளைகள், வேறு வேலை. கடைசியில் ஸ்காபரோவில் 1960களில் கட்டிய ஒரு பங்களோ வாங்கினோம். இந்த நாட்டில் பங்களோ என்றால் மாடியில்லாத சிறிய வீடு. யாழ்ப்பாணத்துச் சுவரில் ஆணி அடித்துப் பழகியவர்களுக்கு இங்கத்தைச் சுவர் நம்பிக்கை தராது. விரலால் தட்டினாலே உள்ளே வெறுமை என்று ஓசை சொல்லிவிடும். 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம், அதன்மேல் அரை அங்குலக் கனத்தில் ஜிப்சம் பலகை, பலகையின் இரண்டு முகத்திலும் கடதாசி. அவ்வளவுதான் சுவர். ஒகஸ்டின் சாக்கெற் என்பவர் இதன் மூல வடிவத்துக்கு 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தார். ஆனால் மரச்சலாகை அடித்துச் சாந்து பூசுகிற பழைய முறையை இது ஒதுக்கித் தள்ளியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். சாந்து காயக் கிழமைக்கணக்காகும். போர்டு அடித்தால் அடுத்த நாளே அடுத்த வேலை. போருக்குப் பின் வீடு தேடி நின்ற அவ்வளவு குடும்பங்களுக்கும் அந்த வேகம் தேவையாக இருந்தது.

ஒரு பனிக்காலத்தில் எங்கள் கூரை விளிம்பில் பனி உறைந்து கட்டியாகி, மேலே உருகின தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி உள்ளே இறங்கியது. நடை ஓரத்துச் சுவரில் போர்டு ஊதி, கடதாசி உரிந்து தொங்கியது. ஊறின போர்டைத் திருத்த முடியாது, வெட்டி எறியத்தான் வேண்டும். அதோடு பழைய மின்சார வயர் மாற்றிய இடங்களில் கையகல ஓட்டைகள் வேறு. வேலை எனக்குத் தெரிந்த வேலை. ஆனால் அந்த நடையின் கடைசி அறையில் மாமி இருந்தா. மாமிக்குத் தொய்வு. தலைமாட்டில் பம்ப் எப்போதும் இருக்கும். ஒரு தாளிப்புப் புகைக்கே இழுக்கத் தொடங்குகிற நெஞ்சு.

அதனால் கத்தியை எடுக்க முந்தி இன்னொரு கேள்விக்குப் பதில் தேடினேன். 1980க்கு முந்திய வீடு என்றால் பழைய மட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பூச்சு வெடிக்காமல் பிடிப்பாக நிற்பதற்காக அந்தக் காலத்தில் அதைக் கலந்தார்கள். நியூயோர்க் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இர்விங் செலிகோஃபும் அவருடைய சகாக்களும் 1975இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் இதை எழுதினார்கள். சுவர் ஓட்டை அடைக்கச் சாதாரணமாகக் கடையில் வாங்குகிற களிகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறது, அதைக் கலக்கும்போதும் தேய்க்கும்போதும் அந்த இழைகள் ஆபத்தான அளவில் காற்றில் ஏறுகின்றன என்று காட்டினார்கள். 1977இல் அமெரிக்கா அப்படிப்பட்ட களிகளைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை போட்டது. சுரங்கத்தில் வேலை செய்யாதவன், கப்பற் பட்டறையைக் கண்ணால் காணாதவன், ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் அறைச் சுவரைத் தேய்த்தவன், அவனும் அந்த இழையை மூச்சில் எடுத்திருக்கிறான்.

கனடாவுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. கியூபெக் மாகாணத்தில் அஸ்பெஸ்டஸ் என்றே பெயர் வைத்த ஓர் ஊர் இருந்தது. ஊரின் நடுவில் பெரிய திறந்த சுரங்கம். 2011 வரை இந்த நாடு அந்தக் கல்லைக் கிண்டி ஆசிய நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2018இன் கடைசியில்தான் இங்கே பொதுத்தடை வந்தது. 2020இல் அந்த ஊர் மக்கள் வாக்களித்து வால்-டெ-சூர்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் மேலே இருந்த அஸ்பெஸ்டஸ் சீற்றுகளை நினைத்துப் பார்க்கிறேன். வெடித்த சீற்றுத் துண்டால் கோடு கீறி நாங்கள் எட்டுக்கோடு விளையாடியிருக்கிறோம்.

மாதிரி எடுப்பது கஷ்டமான வேலை இல்லை, பொறுமையான வேலை. எடுக்கிற இடத்தைத் தண்ணீர் தெளித்து நன்றாக நனைக்கவேண்டும். மேல் பெயின்ற் மட்டும் வராமல், எல்லாப் பூச்சும் சேர்ந்து வரும்படி சிறு துண்டாக வெட்டவேண்டும். வெட்டிய இடத்தை ஈரத்துணியால் துடைத்து மூடி, துண்டை இரட்டைப் பைக்குள் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவேண்டும். ஒரு சுவரில் இல்லாதது அடுத்த சுவரில் இருக்கலாம். ஆகையால் ஓரிடத்தில் எடுத்துவிட்டுத் திருப்திப்படக்கூடாது. எங்களுக்கு வந்த பதில் கலப்பாக இருந்தது. முன்னறையின் கூரையில் பருக்கை பருக்கையாக அடித்திருந்த பழைய பூச்சில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. நடைச் சுவர்களில் இல்லை. முன்னறைக் கூரையில் ஒரு ஆணியும் அடிக்கக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். தொடாமல், உடையாமல் இருக்கும் வரைக்கும் அது ஒருவரையும் ஒன்றும் செய்யாது. நடையில் வேலையைத் தொடங்கினேன்.

சித்திரை கழிந்து குளிர் விட்ட நேரம். அதற்காகத்தான் காத்திருந்தேன், ஃபர்னஸை நிற்பாட்டவேண்டும். இந்த வீடுகளில் சூடு காற்றாகத்தான் வருகிறது. நிலக்கீழிலிருக்கிற ஃபர்னஸ் ஒவ்வோர் அறையிலிருந்தும் காற்றை உறிஞ்சி, சூடாக்கி, திரும்ப ஒவ்வோர் அறைக்கும் தள்ளும். நடையில் எழும்புகிற தூசை ஐந்து நிமிடத்தில் வீட்டின் எல்லாக் கட்டிலுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க அதைவிட நல்ல இயந்திரம் இல்லை. சூட்டை நிற்பாட்டினால் போதாது, விசிறியையும் நிற்பாட்டவேண்டும். பிறகு நடையில் காற்று வருகிற வாயையும் காற்றை உறிஞ்சுகிற வாயையும் பிளாஸ்ரிக் வைத்து டேப்பால் ஒட்டினேன். உறிஞ்சுகிற வாயைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அது சுவரின் அடியில், கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் இருக்கும்.

நடையின் இரண்டு முனையிலும் கனமான பிளாஸ்ரிக் தாளைக் கூரையிலிருந்து நிலம் வரை தொங்கவிட்டு, ஒரு முனையில் மட்டும் சிப் வைத்த வாசல் போட்டேன். நடைக்குப் பக்கத்திலிருக்கிற சின்ன அறையின் யன்னலில் விசிறியை வெளியே பார்க்க வைத்து, சுற்றியுள்ள இடைவெளியை மட்டை வெட்டி அடைத்தேன். விசிறி உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளும்போது வேலை இடத்தில் அமுக்கம் குறையும். அப்போது வீட்டுக் காற்று நடைக்குள் வரும், நடைக் காற்று வீட்டுக்குள் போகாது. தூசைக் காவலில் வைக்கிறது பிளாஸ்ரிக் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காவல் வைக்கிறது காற்றின் திசை. பிளாஸ்ரிக் அதற்கு எல்லை போடுகிறது, அவ்வளவுதான்.

ஒன்றில் கவனமாக இருக்கவேண்டும். விசிறி காற்றை வெளியே இழுக்கும்போது, காஸில் எரிகிற வெந்நீர்த் தாங்கியின் புகை புகைபோக்கியால் மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பக்கூடும். அதில் காபன் மொனொக்சைட் இருக்கும். ஆகவே தாங்கியைப் பைலட் நிலைக்குக் குறைத்து, மற்றப் பக்கத்து யன்னல் ஒன்றைத் திறந்துவைத்து, வீட்டின் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

மாமி சிப் வாசலுக்கு வெளியே வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தா. ஒரு நாளைக்கு மார்க்கத்தில் மற்ற மகள் வீட்டில் நில்லுங்கோ என்று ஏற்கனவே கேட்டிருந்தோம். “நான் ஒரு இடமும் போகேல்லை” என்று முடிவாகச் சொல்லியிருந்தா. ஆகவே அவவின் கட்டிலை வீட்டின் மற்ற முனைக்கு மாற்றி, திறந்த யன்னலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தோம்.

“தம்பி, ஒரு ஓட்டை அடைக்க இவ்வளவு ஆரவாரமோ?”

“அடைக்கிறதுக்கில்லை மாமி, தேய்க்கிறதுக்கு.”

“உது வேலை செய்யுமெண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?”

நியாயமான கேள்வி. சாமி அறையிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொண்டுவந்து கொளுத்தி, மாமியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சிப்பை ஓர் அங்குலம் திறந்து அந்த இடைவெளிக்கு முன்னால் பிடித்தேன். நேரே மேலே போய்க்கொண்டிருந்த புகை சட்டென்று வளைந்து, நூல் இழுத்ததுபோல் நடைக்குள் போனது. கீழ் விளிம்பில் பிடித்தேன், அங்கும் அப்படியே. கூரையோடு ஒட்டிய ஒரு மூலையில் மட்டும் புகை அங்கே இங்கே என்று தடுமாறியது. அங்கே டேப் கழன்றிருந்தது, திரும்ப ஒட்டினேன். மாமி தூரத்தில் நின்றபடி, “ஓ, உள்ளுக்கைதான் போகுது” என்றா.

பிறகு பூச்சு. பெரிய இடைவெளிகளுக்குத் தூளாக வருகிற, தண்ணீர் விட்டுக் குழைக்கிற மட்டை எடுத்தேன். அது காய்வதில்லை, இறுகுகிறது. 45 நிமிடத்தில் கல்லாகிவிடும், சுருங்காது. ஆனால் தேய்க்க முயன்றால் கையை ஒடித்துவிடும். ஆகவே அதைச் சுவர் மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தவேண்டும். மேல் பூச்சுகளுக்கு வாளி மட். கடைசிப் பூச்சுக்குத் தூசு அடக்கி என்று விற்கிற வகையை வாங்கினேன். அதைத் தேய்க்கும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி நேரே கீழே விழும். தூசே இல்லை என்று அர்த்தமில்லை, ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எதை வாங்கினாலும் பெரியவர் காட்டிய கத்தி இழுப்புத்தான் என் நம்பிக்கை. பாரம் வெளி ஓரத்தில், ஒவ்வொரு தரமும் அகலமாக, மெல்லிசாக. பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் விட்டேன். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் பூசினால் பிறகு சுருங்கிக் குழி விழும், குழிக்கு மேலும் மட், மேலும் தேய்ப்பு.

தேய்க்கிற நாள் காலையில் முகச்சவரம் செய்தேன். என்95 முகமூடி 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களிலே குறைந்தது 95 வீதத்தைப் பிடிக்கும் என்பதெல்லாம் தோலோடு ஒட்டி நின்றால்தான். தாடிக்கு மேலே போட்டால் காற்று ஓரத்தால் போகும். இரண்டு நாடா போட்டதாக, மூக்குக்கு மேலே தகடு வளைத்ததாக வாங்கவேண்டும்.

மின்விளக்கு ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். நேர் வெளிச்சத்தில் ஒழுங்காகத் தெரிகிற சுவர் சரிவான வெளிச்சத்தில் தன் மேடு பள்ளம் எல்லாவற்றையும் நிழலாகக் காட்டிவிடும். மேடுகளைப் பென்சிலால் வட்டம் போட்டேன். வட்டத்துக்கு வெளியே கை போடுவதில்லை என்பது என் சட்டம். கண்மூடித்தனமாகச் சுவர் முழுக்கத் தேய்க்கிறபோதுதான் பாதித் தூசு உண்டாகிறது. அதோடு போர்டின் கடதாசியும் பிசிறு கிளம்பி, பெயின்றுக்குப் பிறகு தழும்பாகத் தெரியும்.

மின்சாரப் பெட்டிகளுக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஓட்டைகளுக்கு சாண்ட்பேப்பரே எடுக்கவில்லை. நெருக்கமான பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் தோய்த்து, சொட்டாமல் பிழிந்து, விளிம்பில் வட்டமாக ஓட்டினால் மட் கரைந்து மட்டமாகிவிடும். ஒரு துகள் தூசு இல்லை. இந்த முறையில் மேற்பரப்பு கண்ணாடிபோல் வராது, லேசான அலை நிற்கும். பெரிய பொருத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன், கையகல ஓட்டைக்கு இதுதான் சரி. அந்தக் கலங்கல் தண்ணீரைச் சிங்கில் ஊற்றாமல் வாளியில் அடையவிட்டு, தெளிவை மண்ணிலும் அடியைக் குப்பையிலும் போட்டேன். குழாய்க்குள் போனால் அடியில் தங்கி அடைத்துவிடும்.

நீண்ட பொருத்துகளுக்கு வக்கியூம் பூட்டிய தட்டு, 150 இலக்கச் சாண்ட்பேப்பர், கடைசியில் 220. வக்கியூமில்தான் காசு செலவழிக்கவேண்டும். சாதாரண வக்கியூம் பெரிய துகளை வைத்துக்கொண்டு, நுண்தூசைப் பின்பக்கத்தால் அறைக்குள் ஊதும். தூசை ஓரிடத்திலிருந்து எடுத்து எல்லா இடத்துக்கும் பரப்புகிற வேலையை அது செய்யும். ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிக்கவேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். அந்த அளவுத் துகளைத்தான் பிடிப்பது மிகக் கஷ்டம். அதைவிடப் பெரியதும் சிறியதும் அதிகமாகவே அகப்படும். அதற்கு முன்னால் நுண்தூசுப் பை ஒன்றும் போட்டேன், இல்லாவிட்டால் மட் தூசு வடிகட்டியைச் சீக்கிரத்தில் அடைத்துவிடும். தேய்த்து முடிந்தபோது நிலத்தில் விரித்த கடதாசியில் ஒரு கைப்பிடி தூசுகூடத் தேறவில்லை. மார்க்கத்து வீடுகளில் நான் கணுக்கால் புதையத் தூசில் நடந்தவன். அந்தக் கடதாசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எங்களுக்கும் செய்திருக்கலாம்.

முகமூடியை உடனே கழற்றவில்லை. விசிறியை ஓடவிட்டுப் பின்னேரம் வரை பிளாஸ்ரிக்கை அப்படியே விட்டேன். வெளியே வருமுன் உடுப்பைத் தூரிகை பூட்டிய வக்கியூமால் இழுத்து, மேலங்கியை உட்பக்கம் வெளியே வரும்படி கழற்றி, அங்கேயே வைத்தேன். திரும்பிப் போய் மேலிருந்து கீழாகச் சுவரையும் கதவு நிலையின் மேல் விளிம்பையும் வக்கியூம் செய்து, ஈரத்துணியால் துடைத்தேன். துணியை அடிக்கடி அலசவேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைக் கோடு இழுக்கும்.

இந்த நேரத்தில் மாமி தும்புத்தடியோடு வாசலில் நின்றா. உதவி செய்யத்தான். வீட்டில் ஒருவர் குனிந்து துடைக்கும்போது சும்மா இருக்கிற ஆள் இல்லை அவ.

“மாமி, கூட்டக்கூடாது. கூட்டினால் இவ்வளவு நேரமும் அடக்கினது எல்லாம் கிளம்பிடும்.”

தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு யோசித்தா. “ஓம், சரிதான். நாங்கள் முத்தம் தெளிக்காமல் கூட்டுறேல்லை” என்றா. பிறகு குசினிக்குப் போய், பழைய சாரம் ஒன்றைக் கிழித்து நனைத்துப் பிழிந்த துண்டுகளாகக் கொண்டுவந்து சிப் வாசலால் நீட்டினா. உள்ளே வரவில்லை. நான் அழுக்கைக் கொடுக்கக் கொடுக்க அவ அலசி அலசித் தந்தா. அன்றைக்கு வேலையில் பாதி அப்படித்தான் முடிந்தது. இரவு பம்பை எடுத்தீர்களா என்று கேட்டேன். வழமையாக எடுக்கிறதுக்கு மேலே இல்லை என்றா.

பிரைமர் அடித்து, பெயின்ற் அடித்து, ஃபர்னஸைத் திரும்பப் போட்ட பிறகும் ஒரு வேலை வைத்திருந்தேன். ஒரு கிழமை கழித்து ஃபர்னஸின் வடிகட்டியை இழுத்துப் பார்த்தேன். வீட்டில் எங்கோ தூசு தப்பியிருந்தால் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கும். வழமையான சாம்பல் நிறம்தான் இருந்தது. வெள்ளை இல்லை. இருந்தும் புது வடிகட்டி மாற்றினேன். அதன் விலை ஒரு பெரிய விலை இல்லை.

போன மாதம் பெறாமகன் ஒருவன் ஒஷாவாவில் வீடு வாங்கினான். பேஸ்மென்டில் பழைய சுவர் வெடித்திருக்கிறது, சனிக்கிழமை சிநேகிதர்களோடு சேர்ந்து தேய்த்து அடித்துவிடப் போகிறோம் என்று ஃபோன் எடுத்தான்.

“சித்தப்பா, உங்கடை சாண்டரையும் வக்கியூமையும் ஒரு நாளைக்கு இரவல் தாங்கோ.”

“வீடு எந்த வருசம் கட்டினது?”

பேப்பரைத் தேடி எடுத்துப் பார்த்தான். “1971 எண்டு கிடக்கு.”

சிநேகிதர்களை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். சனிக்கிழமை நான் வருகிறேன், தண்ணீர் தெளிக்கிற போத்தலும் மாதிரிப் பைகளும் கொண்டுவருகிறேன், அதுவரைக்கும் அந்தச் சுவரில் ஒருவரும் கை வைக்கவேண்டாம், சாண்டர் பதில் வந்த பிறகு என்றேன். பதில் வர எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டான். எத்தனை நாள் எடுத்தாலும் பொறு என்றேன்.